அவசரத்துக்கு ஒரு நம்பர்

"விரலை வைங்க சார்" என்றாள் அந்தப் பெண். நான் வைக்கவில்லை. கைரேகை எடுக்கிற கருவி மேஜை மேல் சிவப்பு வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் அதில் வைத்த ரேகை எங்கெங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? எவனோ ஒருத்தன் ரேகையை வைத்து அவனுக்கே தெரியாமல் சிம் வாங்கி, கடைசியில் அவனைத் தேடி வெளிமாநிலப் போலீஸ் வந்து நின்றதாகப் பேப்பரில் போட்டிருந்தான். நான் பேப்பரை முழுசாகப் படிக்கிறவன். "எதுக்கும்மா என் விரல்? நம்பர் இவளோடதுதானே?" என்றேன். அவள் சிரித்தாள். கடையில் நுழைந்ததிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஜெசிந்தா என்று சட்டையில் குத்தியிருந்தது, இவ்வளவு சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. "அம்மா யூஸ் பண்றாங்க, ஆனா சிம் உங்க பேர்ல இருக்கு சார். புது கம்பெனிக்குப் போர்ட் பண்ணணும்னாலும் ஓனர் ரேகை வேணும். அப்புறம் அம்மா பேருக்கு மாத்தணும்னாலும் ஓனர் ரேகை வேணும்" என்றாள். ஓனர். பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேணி அந்த வார்த்தையைக் கேட்டு என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடிக் கதவு வழியாகச் சாலை ரோடு என்கிற அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் கெட்டியானது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிற வேலையிலேயே என் காலம் போயிற்று. நரைத்தது அதில்தான், முழங்கால் போனதும் அதில்தான். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று படியில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும். டிக்கெட் எடுத்தவன் என்னைப் பார்ப்பான், பையைத் துழாவுவான், எங்கே வைத்தோம் என்று பதறுவான். எடுக்காதவன் பதறமாட்டான். ஜன்னல் வழியே வெளியே பார்ப்பான், அந்த ஊரையே அப்போதுதான் முதல்முறை பார்க்கிற மாதிரி. வேணி சாலை ரோட்டை அப்படித்தான் பார்த்தாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு இளநீர் வண்டி, ஒரு டயர் கடை, வெயிலில் நிற்கிற ஆட்டோக்கள். உறையூரில் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிற ரோடுதானே. இவளுக்கு ஏன் இன்றைக்கு அது புதிதாக இருக்கிறது? கேட்டுவிடலாம். கேட்டால் "சும்மாதான் பாத்தேன்" என்பாள். டிக்கெட் எடுக்காதவனும் முதலில் அதைத்தான் சொல்வான். இவளை அப்படியெல்லாம் நினைக்கலாமா என்று ஒரு பக்கம் தோன்றியது, தோன்றிய வேகத்தில் போய்விட்டது. கருவி சிவப்பாகவே இருந்தது. ஜெசிந்தா கீபோர்டில் எதையோ தட்டிவிட்டு, "யோசிச்சு வைங்க சார், அதுக்குள்ள டேட்டா மாறட்டும்" என்று எங்கள் பழைய போன் இரண்டையும் புது போன் இரண்டையும் ஜோடி ஜோடியாக மேஜையில் படுக்கவைத்தாள்.

இதெல்லாம் செண்பகா ஆரம்பித்து வைத்தது. ஓசூரிலிருந்து மகள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புது போன் அனுப்பினாள், நல்ல விஷயம்தான், ஆனால் திடீரென்று ஏன்? பிறந்த நாள் இல்லை, தீபாவளி இல்லை. பழைய கம்பெனி சிக்னல் நம் தெருவில் கிடைக்கவே மாட்டேன் என்கிறது, பேசினால் பாதிதான் கேட்கிறது, அதனால் வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள் என்று சொன்னதும் அவள்தான். அதுவும் நியாயம்தான், நானே மாடிப்படியில் நின்று கத்தியிருக்கிறேன். எனக்கு இடித்தது வேணி சொன்னதுதான். சாம்பாருக்குப் பருப்பை மசித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள், "மாத்துறதுதான் மாத்துறோம், என் நம்பரை என் பேருக்கே மாத்திடணுங்க." நான் பேப்பரைத் தாழ்த்தினேன். கேஸ் என் பேரில் இருக்கிறது, கரண்ட் என் பேரில் இருக்கிறது, வீடு என் பேரில் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சிம்முக்கு என்ன பேர் வேண்டிக்கிடக்கிறது? "எதுக்கு?" என்றேன். "இருக்கட்டுமே" என்றாள். இந்த 'இருக்கட்டுமே' எனக்குப் பிடிக்காத வார்த்தை. அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். ஒருத்தி தன் பேரில் போன் வேண்டும் என்று கேட்டால், இன்னொருத்தர் பேரில் இருக்கிற போனில் செய்ய முடியாத ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறாள் என்றுதானே அர்த்தம்?

எனக்கு ஞானப்பிரகாசம் ஞாபகம் வந்தான். எங்கள் டெப்போ டிரைவர், வண்டியை எடுத்தால் உள்ளே இருக்கிறவன் கையில் காபி இருந்தாலும் சிந்தாது. அவன் மனைவி ஆரோக்கியமேரி, வாய் திறக்காத பெண்மணி, வீட்டுக்குப் போனால் காபி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? சிம்மைத் தன் பேருக்கு மாற்றினார். அப்புறம் தனியாக ஒரு பேங்க் பாஸ்புக். அப்புறம் ஆதாரில் ஒரு முகவரி மாற்றம். அப்புறம் ஒரு நாள் ஞானப்பிரகாசம் வீட்டுக்கு வந்து பார்க்கிறான், வாசலில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் இருக்கிறது. அவனுடையது. அறுபது வயதுக்குமேல் அந்தம்மா மகன் வீட்டுக்குப் போய்விட்டார், சண்டை இல்லை, சத்தம் இல்லை. "என்னடா ஆச்சு?" என்று கேட்டதற்கு, "தெரியலண்ணே, நல்லாத்தான் இருந்தோம்" என்றான் ஞானப்பிரகாசம். நான் அவனைத் திட்டினேன், கூடவே இருக்கிறவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு மனுஷன் இருப்பானா என்று. இப்போது என் முறை. வேணி என்னை விட்டுப் போகப் போகிறாள். வெளியே சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள், இந்த வயதில் எவள் போவாள் என்பார்கள். ஆனால் எனக்குத் தெரிகிறது, படியில் கால் வைக்கும்போதே தெரிகிற மாதிரி தெரிகிறது. அவள் போனால் நான் என்ன செய்வேன்? இதை நினைக்கவே பயமாக இருக்கிறது. காப்பிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் அது இல்லை பயம், டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

மேஜையில் போன்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எதையோ ஊற்றிக்கொண்டிருந்தன. வட்டம் ஒன்று நிரம்பிக்கொண்டே வந்தது. என் பழைய போனில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். காலை வணக்கம் படங்கள், ஓய்வு பெற்றோர் சங்கத்தின் குரல் பதிவுகள், செண்பகா மகனின் படங்கள். அவளுடையதில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளாகப் போனைக் குப்புறப் போட்டு வைக்கிறாள். மணி அடித்தால் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள், சிக்னல் இல்லையாம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல புடவை கட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிறாள். கோயிலாம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் குங்குமம் கொண்டுவந்து நீட்டுகிறவள், இந்தக் கோயிலிலிருந்து மட்டும் எதுவும் கொண்டுவருவதில்லை. ஒரு தடவை பின்னாலேயே போனேன், இதில் என்ன வெட்கம், வேலையில் பார்க்காததா. நாச்சியார் கோயில் நிறுத்தத்தில் அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில் ஏறிக் கூட்டத்துக்குள் குனிந்துகொண்டேன். அவசரத்தில் என் பாஸ் வீட்டிலேயே கிடந்தது. கண்டக்டர் புது ஆள், என்னைத் தெரியாது. சட்டைப்பையைத் தடவிக்கொண்டே டிக்கெட் கேட்டேன். "உங்களுக்கு எடுத்தாச்சு பெரியவரே, முன்னாடி அந்த அம்மா எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துபோனார். நான் நிமிரவேயில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தே வீடு வந்தேன். சாயங்காலம் அவள் வந்தாள், காபி கொடுத்தாள், அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பின்னால் வருகிறவனைக் கண்டும் முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற பெண் எதைத்தான் மறைக்கமாட்டாள்?

"என்னங்க" என்றாள் வேணி. அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. பின்னால் இரண்டு பேர் டோக்கனோடு நின்றுகொண்டு என் முதுகைப் பார்த்தார்கள். நான் கட்டைவிரலை வைத்தேன். கருவி பச்சை காட்டவில்லை. அந்தப் பெண் அழுத்தி வைக்கச் சொன்னாள், வைத்தேன். துடைத்து வைக்கச் சொன்னாள், வேட்டியில் துடைத்து வைத்தேன். "ரேகை தேஞ்சிருக்கு சார், அடுத்த விரல் வைங்க" என்றாள் ஜெசிந்தா. தேயாமல் என்ன செய்யும், பஸ் கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கை. வலதுகையில் ஐந்து விரலும் ஆனது. கடைசியில் இடதுகைச் சுண்டுவிரல் பச்சை காட்டியது, யாருக்கும் உதவாத விரல். அதற்கப்புறம் படம் எடுக்க வேண்டுமாம். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றாள். "எதுக்கு?" "உயிரோட இருக்கிற ஆளா, இல்ல போட்டோவைக் காட்டி ஏமாத்துறாங்களான்னு சிஸ்டம் பாக்கும் சார்." அப்படியா, என்னையே சந்தேகப்படுகிற இயந்திரமா? கொஞ்சம் மரியாதை வந்தது அதன்மேல். சிமிட்டினேன். "இன்னொரு தடவை, நல்லா சிமிட்டுங்க" என்றாள். சிமிட்டினேன். திரையில் தெரிந்த கிழவன் யாரையோ பார்த்துப் பயந்துபோய்க் கண்ணைக் கொட்டுகிறவனாக இருந்தான். ஆயிற்று, நம்பர் அவள் பேருக்குப் போக நான் சம்மதித்துவிட்டேன் என்று ஒரு குறுஞ்செய்தி என் போனில் வந்து விழுந்தது.

"போர்ட் ஆகி முடியுறவரைக்கும் பழைய சிம்மே புது போன்ல இருக்கட்டும் சார். சிக்னல் போனதும் புது சிம்மைப் போட்டுக்கலாம்" என்று சொல்லி இரண்டு போன்களையும் திறந்தாள். முதலில் என்னுடையது. அந்த போன் வாயைத் திறந்தாலே கேள்விதான். உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா? அனுமதிக்காதே என்றேன். உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா? கூடாது. ஒலிவாங்கி? கேமரா? எதுவும் கூடாது. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், வேணியைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு 'வேண்டாம்' எல்லாவற்றையும் அழுத்தினாள். முடிந்ததும் பார்க்கிறேன், ஒரு பேர் இல்லை, வெறும் நம்பராக வரிசை கட்டி நிற்கிறது. "எங்கம்மா பேரெல்லாம்?" என்றேன். "பேரைப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள். பின்னால் நின்றவர்களில் ஒருவன் இருமினான், சிரிப்பை அப்படி இருமலாக மாற்றுவதை நான் எத்தனையோ பஸ்ஸில் பார்த்தாயிற்று. வேணியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன், சேலைத் தலைப்பு வாய்வரை போய்த் திரும்பியது. அந்த ஒரு நொடி எனக்கு லேசாக இருந்தது. போகிறவள் இப்படிச் சிரிக்கமாட்டாள் என்று தோன்றியது. ஆரோக்கியமேரி சிரித்தாரா என்று ஞானப்பிரகாசத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் வேணியின் போன். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள், எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள், மணிச்சத்தத்தைக் கூட்டச் சொன்னாள், எல்லாம் ஏற்கெனவே யோசித்துவைத்த மாதிரி. ஜெசிந்தா, "எமர்ஜென்சி நம்பர் ஒண்ணு போட்டுரலாம்மா. உங்களுக்கு எதாவதுன்னா, போன் பூட்டியிருந்தாலும் யார் வேணா இதைத் தொட்டு அவங்களைக் கூப்பிடலாம். யாரைப் போட?" என்றாள். இதற்கு என்ன கேள்வி? என் நம்பரை அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "அன்வர் பாய்னு இருக்கும் பாரும்மா, அதைப் போடு" என்றாள் வேணி. வாய் திறந்தபடியே நின்றது. அன்வர் பாய். எந்த அன்வர் பாய்? எங்கள் தெருவில் இல்லை, சங்கத்தில் இல்லை, கல்யாணத்துக்கு வந்தவர்களில் இல்லை. செவ்வாய்க்கிழமை, நல்ல புடவை, மொட்டை மாடி, எல்லாம் ஓடிவந்து ஒன்றாக நின்றன. "யாரு அது?" என்றேன். என் குரல் எனக்கே டெப்போ குரலாகக் கேட்டது. "சத்திரத்துல ஜூஸ் கடை வச்சிருக்கார்." "ஜூஸ் கடைக்காரன் நம்பர் எதுக்கு? நான் இல்லையா?" வேணி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "நீங்க நம்பமாட்டீங்களே" என்றாள். "யார் கூப்பிட்டு நான் நம்பல? எப்ப நம்பல?" "பங்குனில. சத்திரத்துல நான் மயங்கி விழுந்தப்ப அன்வர் பாய்தான் உங்களைக் கூப்பிட்டார். அவரு போன்லருந்து. என் போன் விழுந்து அணைஞ்சு போச்சு. நம்பர் மட்டும் சொன்னேன். எடுத்தீங்க. எடுத்துத் திட்டிட்டு வச்சுட்டீங்க."

நான் இல்லை என்று சொல்லப் போனேன். அப்படி யாரும் கூப்பிடவில்லை, மயங்கினாள் என்றால் எனக்குத் தெரியாதா, என்னிடம் ஏன் சொல்லவில்லை, இந்த மூன்றும் வாயில் முட்டிக்கொண்டு நின்றபோது அந்தக் குரல் காதில் வந்தது. கட்டையான குரல், பின்னால் பஸ் ஹாரன். "சார், உங்க வீட்ல மயங்கி விழுந்துட்டாங்க சார்." நான் வீட்டில்தான் இருந்தேன். கூடத்தில் சாய்வு நாற்காலியில், டிவிக்கு முன்னால். சுற்றிப் பார்த்தேன், யாரும் விழவில்லை, விழ ஆளே இல்லை. "யார்டா நீ?" என்றேன். "வீட்ல சார், உங்க வீட்ல..." என்று அவன் பதறினான், பதறுகிறவன் டிக்கெட் எடுத்தவன் என்று அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை? "என் வீட்லதான்டா நான் உக்காந்திருக்கேன். இங்க ஒரு பயலும் விழல. அடுத்து பணம் அனுப்பச் சொல்லுவ, அதான?" என்று வைத்தேன். திரும்பக் கூப்பிட்டான். சைபர் கிரைமில் பிடித்துக் கொடுப்பேன் என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அந்த நம்பர் வரவே முடியாதபடி தடுத்துவிட்டேன், செண்பகா சொல்லிக் கொடுத்த வித்தை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு! சங்கத்தில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், திருட்டுப் பயல், நான் வீட்டிலேயே இருக்கிறேன் என்று தெரியாமல் என்னிடமே வீட்டில் விழுந்துவிட்டார்கள் என்கிறான் என்று. எல்லோரும் சிரித்தார்கள். வீட்ல. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன், வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க, வீட்ல உடம்பு சரியில்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை வெளியே நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், எவரிடமும் பேர் சொன்னதில்லை. அந்த மனுஷர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கு வீடு என்றால் சுவரும் கூரையுமாகக் கேட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் வேணியிடமும் சொன்னேன். பஸ் லேட்டு என்று தாமதமாக வந்தவள், தோசை போட்டுக்கொண்டிருந்தாள். புறங்கையில் ஒரு சின்னப் பிளாஸ்திரி இருந்தது, பார்த்தேன், கேட்கவில்லை. முழுக்கதையையும் சொன்னேன், அந்தக் குரலைப்போலப் பேசிக்கூடக் காட்டினேன். அவள் கரண்டியோடு திரும்பி நின்று, "அப்புறம் என்ன சொன்னார் அவர்?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன்.

ஜெசிந்தா போனைக் கையில் பிடித்தபடி எதை அழுத்துவது என்று தெரியாமல் நின்றாள். பாவம், இப்போது அவள் சிரிக்கவில்லை. "அவர் பேரைப் போடும்மா" என்று நான்தான் சொன்னேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செவ்வாய்க்கிழமையெல்லாம்?" என்று வேணியிடம் கேட்டேன். "டாக்டர்ட்ட. நெஞ்சுத் துடிப்பு திடீர் திடீர்னு குறையுதாம். மொதல்ல அன்வர் பாய் வீட்டுக்காரம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் நானே போயிக்கிட்டேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. சொல்லியிருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், நிஜமா, யாராவது காசு பிடுங்கப் பார்க்கிறார்களா என்று ஆரம்பித்திருப்பேன். "செண்பகாவுக்குத் தெரியுமா?" "தெரியும். ஓசூருக்கு வரச் சொல்றா. அங்கருந்து பெங்களூர் பக்கம், பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்னு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போக வர்றா. நாளைக்கு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்." "அதுக்குத்தான் சிம்மா?" "அங்க வச்சுப் போன் தொலைஞ்சா சிம் மாத்தணும்ல. உங்க விரலுக்காகத் திருச்சி வர முடியுமா?" அவ்வளவுதான். அவள் போகிறாள், என் சந்தேகம் சரிதான். என் வேலைக் காலம் முழுவதும் இப்படிச் சரியாகப் பிடித்தபோதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், கன்னத்தில் சூடு ஏறும். அது வரவில்லை. "எப்ப திரும்பி வருவ?" என்றேன். கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள். "தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்ங்க." "நீ எங்க தனியா இருக்க? நான் இல்ல?" "கூட யாரும்மா இருக்காங்கன்னு அவரும் கேட்டார். யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லல. வாயில அப்படி வந்துருச்சு" என்றாள். என்மேல் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

பின்னால் நின்றவரின் டோக்கன் நம்பரை யாரோ கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்திருக்க வேண்டும். ஜெசிந்தா என் போனில் திரும்பவும் எதையோ அழுத்தி, என்னைக் கேட்காமலேயே பேர்களைக் கொண்டுவந்திருந்தாள். "ஒரு டெஸ்ட் கால் பண்ணிப் பாத்துருங்க சார், ரெண்டு போனும் சரியா பேசுதான்னு. அம்மாவுக்கே போடுங்க" என்றாள். அம்சவேணி என்று முழுப் பேரும் திரையில் இருந்தது. நான் அதைத் தொட்டேன். பக்கத்து நாற்காலியில், அவள் மடியில், புது போன் சத்தமாக மணியடித்தது, கூட்டச் சொல்லிக் கூட்டியதல்லவா, கடையே திரும்பிப் பார்த்தது. வேணி நிதானமாகத் திரையைப் பார்த்தாள், என் பேரைப் படித்தாள், எடுத்துக் காதில் வைத்தாள். "ம், சொல்லுங்க" என்றாள். அவள் குரல் இந்தக் காதில் நேராகவும் அந்தக் காதில் ஒரு கணம் தாமதமாகவும் கேட்டது. என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம். நானும் ஓசூர் வர்றேன் என்று சொல்லலாம். வலிக்குதா என்று கேட்கலாம். இத்தனை வருஷத்தில் போனில் அவளிடம் என்னதான் பேசியிருக்கிறேன் என்று தேடினேன், ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவள் அம்மா செத்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்டது அது ஒன்றுதான். வேறு எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "எங்க இருக்க?" என்று வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். வேணி சிரிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், எங்கோ தூரத்திலிருக்கிற ஒருவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: "உங்க பக்கத்துலதாங்க இருக்கேன்."